சாட்சிக்காரியின் புருஷன்

தெருவில் அவளுக்குச் 'சாட்சிக்காரி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் மளிகைக் கடையைத் தாண்டிப் போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? காது கேட்காதவள் மாதிரி நடந்து போய்விடுவாள்.

பிழைப்பு என்று பார்த்தால் அவள் துணி வெளுப்பவள். கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமான விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, திரைச்சீலை எல்லாம் அவள் பொறுப்பு. விடுதிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை. அதில் இரண்டு சிமெண்ட் தொட்டி, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு வாஷிங் மெஷின், இஸ்திரி போட ஒரு மேஜை. வருஷம் முழுக்க அந்த அறையில் அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, வெளிநாட்டிலிருந்து ஊழியக் குழு வந்து இறங்கும்போது மட்டும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். கடைசி நாள் கூட்டத்தில் குழுவும் சபையாரும் கூடியிருக்க, அவள் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

சாட்சி என்றால் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வதில்லை. முன்பு நான் எப்படிக் கிடந்தேன், கர்த்தர் என்னை எப்படித் தூக்கிவிட்டார், இப்போது எப்படி இருக்கிறேன் என்று சபை நடுவில் நின்று சொல்வது. முன்பு இருட்டு, பின்பு வெளிச்சம். அதற்கென்று ஓர் அச்சு உண்டு. அந்த அச்சில் வார்த்தால்தான் சாட்சி. இல்லாவிட்டால் வெறும் சொந்தக் கதை.

வருகிறவர்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். லீவு போட்டு, கைக்காசைச் செலவழித்து, அவ்வளவு தூரம் பறந்து வந்து பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். வருஷா வருஷம் அதே சுவர்தான். ஒரு தடவை நீலம், அடுத்த தடவை மஞ்சள், அப்புறம் திரும்பவும் நீலம். சுவர் குண்டாகிவிட்டது என்று பிள்ளைகள் கேலி செய்யும். வெயிலில் மூக்கெல்லாம் தோலுரிந்து, முன்பின் தெரியாத குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்து, புறப்படுகிற அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டுப் போவார்கள். அந்த அழுகையில் பொய் கிடையாது. எந்தக் கதையைக் கேட்டு அழுதார்களோ, அதில்தான் பொய் இருந்தது.

அவள் புருஷன் பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தவர். நீளமான மரத்துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக ஆயுசைக் கழித்தவர். வாயில்லாப் பூச்சி. கடையில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். சம்பள நாளில் எப்போதாவது கூட்டாளிகளோடு ஒரு மடக்குக் குடிப்பார். குடித்தால் சிரிப்பு வரும், வேறொன்றும் வராது. பையனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு காரணமே இல்லாமல் சிரிப்பார். அந்த வீட்டில் கை ஓங்கியவர் யாராவது உண்டென்றால் அது அவள்தான். ஒரு தடவை, அவர் குடித்துவிட்டு வந்தார் என்ற கோபத்தில் கரண்டியால் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கும் சிரித்தார். அப்புறம் மாவுத்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்தது. இருமிக்கொண்டே அடுப்பு முன்னால் நின்றார். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கையில் பிள்ளையோடு நடுத்தெருவில் நின்றவளுக்குப் போதகர்தான் வேலை கொடுத்தார். பையனைத் தூரத்து ஊரில் சபை நடத்தும் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அந்த மனுஷன் ஒன்று கேட்டால் அவள் எப்படி மாட்டேன் என்பாள்?

முதல் வருஷம் அவள் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். நோய் வந்து செத்துட்டார். கஷ்டப்பட்டேன். ஐயா வேலை குடுத்தார். இப்ப பரவாயில்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். போதகரின் மைத்துனர் அதை அவர்கள் பாஷையில் சொன்னார். குழு மரியாதையாகத் தலையாட்டியது. ஒருவர் தண்ணீர் குடித்தார், ஒருவர் கொட்டாவியை விழுங்கினார்.

கூட்டம் முடிந்ததும் போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரிதான்மா. ஆனா இருட்டையே காணோமே. இருட்டு இல்லாம வெளிச்சத்தை எப்படிக் காட்டுறது? உன் வீட்டுக்காரர் குடிக்க மாட்டாரா?"

"எப்பவாவது, ஐயா."

"அப்ப குடிப்பார்."

"எப்பவாவதுதான்."

"அந்த எப்பவாவதை விட்டுடு. நீ பொய் சொல்லல, ஒரு வார்த்தையை விட்டுட்டுச் சொல்ற. அதுல தப்பில்ல."

இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அந்த 'எப்பவாவது' காணாமல் போயிற்று. அதற்கடுத்த வருஷம் அந்த இடத்தில் 'தினமும்' வந்து உட்கார்ந்தது. கதைக்குக் கண் காது மூக்கு முளைத்தது. கேட்பவர்கள் எந்த இடத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. தெரிந்தபின் அந்த இடத்தில் தானாகவே கொஞ்சம் நிறுத்தினாள்.

அடித்த கதை வந்தது அவள் முன்கையிலிருந்த தழும்பால். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள், அடுப்பிலிருந்து அப்போதுதான் இழுத்த தட்டில் முன்கை படிய ஊன்றிவிட்டாள். அவர்தான் ஓடிவந்து அவள் கையைக் குழாயில் பிடித்துக்கொண்டு, அவள் அழுததைவிட அதிகமாக அழுதார். குழுவிலிருந்த ஓர் அம்மாள் அந்தத் தழும்பைக் காட்டி ஏதோ கேட்டாள். மைத்துனர் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் கண் கலங்கி, குனிந்து, தழும்பில் முத்தம் கொடுத்தாள்.

"என்னண்ணா சொன்னீங்க?" என்று அப்புறம் கேட்டாள்.

"புருஷன் சுட்டதுன்னு சொன்னேன். குடிகாரன்னா சுடத்தானே செய்வான்? உனக்கென்ன நஷ்டம்? செத்தவருக்கு வலிக்கவா போகுது?"

அப்போதே அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையனின் படிப்பு சபையின் கையில் இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தனக்குள்ளேகூட மெதுவாகத்தான் ஒத்துக்கொள்வாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வருஷம் முழுக்கச் சோப்பு நுரையோடு பேசிக்கொண்டிருக்கும் பொம்பளையை ஒருநாள் இருபது பேர் கட்டிப்பிடித்து அழுதால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த முத்தத்தின் ஈரம் காய்வதற்குள் அவள் விலை போய்விட்டாள்.

நெட்டையம்மா வந்தது அதற்கு அடுத்த வருஷம். ரொம்ப உயரம் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். சாட்சிக்காரி சொன்னதைக் கேட்டு எல்லோரும் அழுதபோது நெட்டையம்மா மட்டும் அழவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மறு வருஷம் வந்தபோது அவள் விரலில் கல்யாண மோதிரம் இல்லை. நேராகத் துணி வெளுக்கும் அறைக்கு வந்து, தன் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள். உடைந்து, கோணலாக ஒட்டிய எலும்பு. மைத்துனர் வந்து விஷயத்தை விளக்கினார். நெட்டையம்மாவின் புருஷன் படித்த மனுஷன், அவர்கள் சபையில் பெரிய பொறுப்பில் இருப்பவன். அவன் அடிக்கிறான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாட்சிக்காரி இத்தனை பேர் நடுவில் நின்று சொன்னதைக் கேட்டபிறகுதான் துணிச்சல் வந்ததாம். ஊருக்குப் போனதும் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறிவிட்டாளாம்.

"உன்னாலதான் இன்னிக்கு உயிரோட இருக்கேன்னு சொல்றாங்க" என்றார் மைத்துனர்.

சாட்சிக்காரி தழும்பிருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம் நிஜம். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. பெயிண்ட் அடிக்கப் போகாமல் நெட்டையம்மா அந்த அறைக்கே வந்துவிடுவாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, ஒருவரையொருவர் பார்த்து நடந்து வந்து, முனைகளைச் சேர்க்க வேண்டும். நெட்டையம்மாவின் உயரத்துக்கு விரிப்பு எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இருவரும் சிரிப்பார்கள். பாஷை ஒரு வார்த்தை தெரியாமல் ஒருத்திக்குத் தலைவலி என்பது இன்னொருத்திக்குத் தெரிந்துவிடும். சாட்சிக்காரிக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் அவளுக்கு அக்கா இருந்தாள்.

அதற்கான விலையை அவள் வேறு இடத்தில் கொடுத்தாள். சொல்லிச் சொல்லி, புருஷன் முகம் அவளுக்கே குழம்ப ஆரம்பித்தது. ஒருநாள் கனவில் அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். விழித்துக்கொண்டு, 'இது நடக்கவில்லை, இது நடக்கவில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமாவது அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசலாம் என்றால் பயம். இந்தக் கதையும் அந்தக் கதையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஆகவே மகன் லீவுக்கு வரும்போதும் அப்பா பேச்சையே எடுக்க மாட்டாள்.

மகன் இதுவரை அவள் சாட்சியைக் கேட்டதில்லை. குழு வரும் நாட்களில் அவன் எப்போதும் விடுதிப் பள்ளியில் இருப்பான், அப்புறம் கல்லூரியில். தெருவில் யாரும் அவனிடம் சொல்லவில்லை. பிள்ளையிடம் போய், உன் அப்பன் இப்படியாமே என்று யார் கேட்பார்கள்? அந்த வருஷம் படிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். மைத்துனர் வேறு ஊருக்குப் போய்விட்டார். போதகர் அவன் தோளில் கையைப் போட்டு, அவர்கள் பாஷை படித்தவன் நீ, இந்தத் தடவை நீதான் மொழிபெயர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவன் சந்தோஷமாக வந்து அம்மாவிடம் சொன்னான். அவள் இஸ்திரிப்பெட்டியைத் துணியிலிருந்து தூக்க மறந்ததில், தலையணை உறை ஒன்று கருகிப்போயிற்று.

போதகரிடம் ஓடினாள்.

"ஐயா, இந்த வருஷம் என்னை விட்டுடுங்க."

"ஏன்மா? நெட்டையம்மா உனக்காகவே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ரெண்டு பேரும் வீட்டுல அடி வாங்கினவங்க. உன்னைப் பார்க்கணும்னுதான் வந்திருக்காங்க."

"பையன் பக்கத்துல நிப்பான், ஐயா."

"நிக்கட்டும். அவங்க அம்மா என்னென்ன தாங்கினாங்கன்னு அவனுக்கும் தெரியட்டுமே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, அது நாம சேர்த்ததுதானே."

போதகர் புரியாமல் பார்த்தார். "எதைச் சேர்த்தோம்?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அவருக்கே அது நடந்ததாகிவிட்டது. "மனசைத் தளர விடாதம்மா, சாத்தான் கடைசி நேரத்துலதான் வாயை அடைப்பான்" என்று அவள் தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் மகன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "என்ன சொல்லுவேன்னு முன்னாடியே சொன்னா தயார் பண்ணிக்குவேன்மா."

"எப்பவும் சொல்றதுதான்."

"அப்பாவைப் பத்தி வருமா?"

"வரும்."

"நல்லதாப்போச்சு. நீ என்கிட்ட அவரைப் பத்திப் பேசினதே இல்ல. எனக்கு அவர் தோள்ல உக்காந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. சட்டையில ரொட்டி வாசம் வரும்." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்படியே அப்பன் சிரிப்பு. அவள் தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி எழுந்து உள்ளே போய் நின்றுகொண்டாள். நாளைக்கு உண்மையைத்தான் சொல்வது என்று அங்கே முடிவு கட்டினாள். நெட்டையம்மா போனால் போகட்டும். இந்தப் பிள்ளை வாயால் அதைச் சொல்ல வைக்கக் கூடாது.

மறுநாள் மண்டபம் நிரம்பியிருந்தது. நெட்டையம்மா முன்வரிசையில் அந்த இரண்டு பெண்களை இரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி நடுவயது, தாடையில் பழைய காயம் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்தது. இன்னொருத்தி சின்னப்பெண். கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

அவள் ஆரம்பித்தாள். "என் வீட்டுக்காரர் பேக்கரியில வேலை பார்த்தார்." மகன் சொன்னான். "ரொட்டி சுடுவார்." சொன்னான். "அவர்..." என்று நிறுத்தினாள். அவர் நல்லவர் என்பதுதான் அடுத்த வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது அந்தச் சின்னப்பெண் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். இத்தனை நேரமும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவள், கதவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். மூழ்குகிறவர்கள் கரையில் நிற்பவரைப் பார்க்கும் பார்வை அது.

"அவர் தினமும் குடிப்பார்" என்றாள்.

மகன் ஒரு நொடி திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு சொன்னான். அடிப்பார் என்றாள், சொன்னான். தழும்பைக் காட்டினாள், அதையும் சொன்னான். மைத்துனர் மாதிரி அவன் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குரல் மட்டும் வரவரத் தட்டையாகி, கடைசியில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் போல ஆகிவிட்டது. எல்லோரும் அழுதார்கள். சின்னப்பெண் எழுந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்புக்குள் நின்றுகொண்டு அவள் மகனைத் தேடினாள். அவன் மைக்கை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

துணி வெளுக்கும் அறையில் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்ல ஒண்ணும் இல்லப்பா. அத்தனையும் பொய்."

அவன் அவள் முன்கைத் தழும்பைப் பார்த்தான்.

"சத்தியமா சொல்றேன். உங்க அப்பா என்மேல ஒரு விரல்கூட வச்சதில்ல. இது பேக்கரித் தட்டு பட்ட தழும்பு. இருட்டு இருந்தாத்தான் சாட்சின்னு ஐயா சொன்னார், நான் தலையாட்டினேன். வருஷா வருஷம் வளர்ந்துபோச்சு. அவர் தங்கமான மனுஷன்டா. நான்தான் பாவி."

சொல்லி முடித்ததும் உடம்பே லேசானது மாதிரி இருந்தது அவளுக்கு. இனி அவன் அவளை வெறுக்கலாம், திட்டலாம், வீட்டைவிட்டுப் போகலாம். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தாள். வந்தது இரக்கம்.

நெட்டையம்மா வாசலில் வந்து நின்றாள். மகன் அவளிடம் அவர்கள் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னான். நெட்டையம்மாவின் முகம் இப்போது மாறும், கையை உதறிக்கொண்டு போய்விடுவாள் என்று அவள் காத்திருந்தாள். நெட்டையம்மா ஈரத்தரையில் அப்படியே மண்டியிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நிறையப் பேசினாள். மகன் மெதுவாகச் சொன்னான்.

"அவங்களும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்களாம். கதவுல இடிச்சுக்கிட்டேன், படியில விழுந்துட்டேன்னு. என் புருஷன் மாதிரி உண்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாங்களாம். வெளிய சொன்னப்புறம்தான் பயமே வருமாம். சொன்னதை வாபஸ் வாங்கிடலாமான்னு தோணுமாம். பிள்ளை முன்னாடி சொல்ல வேண்டி வந்தா இன்னும் மோசமாம். அவங்க உன்னை விட மாட்டாங்களாம்மா."

"நான் வாபஸ் வாங்கல. நடக்கவே இல்லங்கறேன்."

"சரிம்மா."

"சரின்னா? நம்புறியா இல்லையா?"

"நம்புறேன்மா. நீ உக்காரு." காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரலில் சொன்னான். பிறகு, "எனக்கே ஒண்ணு ஞாபகம் வருது. அப்பா கையை மேல ஓங்கிட்டு நிக்கிறார். நீ கீழ உக்காந்திருக்க" என்றான்.

"பரண்மேல இருக்கற பெட்டியை எடுத்திருப்பார். இல்ல, பல்பு மாத்தியிருப்பார்."

"விடும்மா. இனிமே அந்த ஆளுக்காக நீ பரிஞ்சு பேச வேண்டியதில்ல."

அந்த ஆள். இத்தனை வருஷச் சாட்சியில், எவ்வளவு கேவலமாகச் சொன்னபோதும், அவள் வாயில் அவர் 'அவர்' ஆகத்தான் இருந்தார்.

மறுநாள் காலை குழு புறப்பட்டுப் போயிற்று. நெட்டையம்மா வண்டியிலிருந்து கையை நீட்டி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டே போனாள். வண்டி மறைந்ததும் சாட்சிக்காரி மகனைக் கூப்பிட்டாள்.

"வா. ஒரு இடத்துக்குப் போகணும்."

பேக்கரி முதலாளி எப்போதோ செத்துப்போனார். அடுப்படியில் எல்லாம் புது முகங்கள். ஆனால் அவள் புருஷனோடு பக்கத்தில் நின்று ரொட்டி இழுத்த கூட்டாளி ஒருவர், இடுப்பு விட்டுப்போனபின் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சம்பள நாளில் கூடக் குடித்தவரும் அவர்தான். புருஷன் விட்ட ஒவ்வொரு மூச்சையும் பார்த்தவர். அவர் வாயால் சொன்னால் பையன் நம்பாமல் எங்கே போவான்? அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். கடையில் நின்றவர்கள் போகட்டும் என்றுகூட அவள் காத்திருக்கவில்லை.

"அண்ணா, இவன் அவர் பையன். இவங்க அப்பா எப்படிப்பட்டவர்னு நீங்க சொல்லுங்க. நீங்கதானே பக்கத்துலயே நின்னீங்க."

கிழவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். சில்லறையை மேஜைமேல் வைத்தார்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"சொல்லுங்கண்ணா. மறைக்காம சொல்லுங்க."

"தங்கமான மனுஷன்னுதான் நினைச்சோம்" என்றார். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். இப்படி ஒருத்தனான்னு நாங்களே ஆச்சரியப்படுவோம்."

அவள் மகன் பக்கம் திரும்பினாள். கிழவர் இன்னும் முடிக்கவில்லை.

"வெளிய பார்த்தா எங்க தெரியுது? நீ சபையில நின்னு சொன்ன அன்னிக்கு நானும் பின்னால நின்னேன். உன் வாயாலயே கேட்டேன். எனக்கு நெஞ்சே வெடிச்சுப்போச்சு. பக்கத்துல நின்னவன், வீட்டுல இந்த அக்கிரமம் பண்றான்னு தெரியாம அவன்கூடச் சிரிச்சுப் பேசிட்டிருந்திருக்கோமே. இங்க எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணு மாட்டியிருந்தோம். கூட்டம் முடிஞ்சு திரும்பி வந்த உடனே அதைக் கழட்டிட்டேன். அன்னிக்கே உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எங்களை மன்னிச்சுடும்மா."

அவர் எழ முடியாமல் எழுந்து, கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே கும்பிட்டார். ரொட்டி வாங்க வந்திருந்த ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாட்சிக்காரி வாயைத் திறந்தாள். யாரிடம் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மகன் அவள் தோளை அணைத்துப் பிடித்து, "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றான். அவன் இவ்வளவு அன்பாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.